கல்தச்சராயிருந்து முதன்மந்திரியானவர்

கோயிலுக்குக் கல் செதுக்குகிறவன் தச்சன். மலையில் கல்லைப் பிளப்பவனும் அவனே. தூணை நிறுத்துபவனும் அவனே. விக்கிரகத்திற்குக் கண் திறப்பவனும் அவனே. ஆயினும், கும்பாபிஷேகம் முடிந்த மறுகணமே, அவன் செதுக்கிய கருவறையின் வாயிற்படியை அவன் தாண்டலாகாது என்பது நம் முன்னோர் வகுத்த விதி. கட்டியவன் வெளியே நிற்பான். ஒரு கல்லையும் தூக்கி அறியாதவன் உள்ளே இருப்பான். இம்முறையை நம் மக்கள் பல நூற்றாண்டுகளாக இயற்கையின் சட்டமென்றே எண்ணிக் கைகட்டி நின்றனர்.

கடல் கடந்த ஒரு தேசத்திலே, தாம் கல் செதுக்கிக் கொடுத்த மண்டபத்திற்குள்ளேயே ஒரு கல்தச்சர் முதன்மந்திரியாகச் சென்று அமர்ந்தார். அது கதையன்று; நடந்த வரலாறு. அவர் பெயர் தாமஸ் பிரைஸ். அவர் ஆண்ட நாடு தென் ஆஸ்திரேலியா. 1905-ம் ஆண்டு ஜூலை மாதம் முதல் 1909-ம் ஆண்டு மே மாதம் முடிய, ஏறக்குறைய நான்கு ஆண்டுக் காலம், உளி பிடித்த அக்கை ஒரு மாகாணத்தின் ஆட்சியைப் பிடித்திருந்தது. அவர் வரலாற்றை அறிவது தோட்டத்தில் உழைப்போருக்கும் பட்டணத்தில் பிழைப்போருக்கும் ஒருங்கே பயன் தருவதாம். அவர் எப்படி உள்ளே நுழைந்தார் என்பதோடு, அவர் நுழைந்த பின்னும் வெளியே நின்றவர் யார் என்பதையும் சேர்த்தே நாம் ஆராய வேண்டும்.

பிறப்பும் தொழிலும்

தாமஸ் பிரைஸ் 1852-ம் ஆண்டு ஜனவரி 19-ம் நாள் வேல்ஸ் நாட்டில் பிரிம்போ என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் கல்தச்சர். பிள்ளை கைக்குழந்தையாயிருக்கும்போதே குடும்பம் பிழைப்பைத் தேடி லிவர்பூல் நகரத்திற்குக் குடிபெயர்ந்தது. அந்நாளில் லிவர்பூல் பெரிய துறைமுகம். கப்பலுக்குக் கப்பல் செல்வம் வந்து இறங்கிய ஊர். ஆனால் அச்செல்வத்தைச் சுமந்தவர் குடியிருந்த சந்துகளில் வறுமையும் நோயும் குடிவெறியுமே மலிந்திருந்தன. பிரைஸுக்குக் கிடைத்த படிப்பு ஏழைப் பிள்ளைகளுக்கு அந்நாளில் கிடைத்த சொற்பப் படிப்பே. இளம் பிராயத்திலேயே தந்தையின் தொழிலில் இறங்கிச் சுத்தியும் உளியும் பிடிக்கலானார்.

கல் வேலையில் ஒரு கொடுமை உண்டு. கல்லைச் செதுக்கும்போது எழும் நுண்ணிய தூசு மூச்சோடு உள்ளே சென்று நுரையீரலில் தங்குகிறது. நாளடைவில் இருமல், இளைப்பு, காய்ச்சல் என ஒன்றன்பின் ஒன்றாக வந்து தொழிலாளியைத் தின்று விடுகிறது. எழுப்பிய கட்டடம் இருநூறு ஆண்டு நிற்கும். எழுப்பியவனோ ஐம்பதைக் காண்பதே அரிது.

இத்தகைய தொழிலில் இருந்த வாலிபர் பலர் மாலையானதும் மதுக்கடையைத் தேடினர். பிரைஸ் அவ்வழி செல்லவில்லை. மெதடிஸ்டு சபையில் பிரசங்கம் செய்யப் பழகினார். மதுவிலக்குச் சங்கத்தில் சேர்ந்தார். பத்துப் பேர் முன்னால் எழுந்து நின்று, தாம் நினைப்பதைப் பிறர் மனங்கொள்ளும்படி எடுத்துரைக்கும் ஆற்றலை அவர் அங்கேதான் பெற்றார். பல்கலைக்கழகம் காணாத தொழிலாளிக்குச் சங்க மேடையும் சபை மேடையுமே பல்கலைக்கழகமாயின. கள்ளுக்கடை வாசலில் கூலி முழுவதையும் கொட்டிவிட்டு வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பியோரைக் கண்ட நம்மவருக்கு, இவ்வொரு பழக்கம் ஒரு மனிதன் வாழ்வில் எவ்வளவு பெரிய திருப்பம் என்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1881-ம் ஆண்டு அவர் ஆன் எலிசபெத் லாயிட் என்னும் பெண்மணியை மணந்தார். இரண்டு ஆண்டுகளில் உடல் நலங் கெட்டது. குளிரும் புகையும் நிறைந்த லிவர்பூலில் இருந்தால் பிழைப்பதரிது என்ற நிலையில், 1883-ம் ஆண்டு மனைவியோடு கப்பலேறித் தென் ஆஸ்திரேலியாவின் தலைநகராகிய அடிலெய்டை அடைந்தார்.

மண்டபம் எழும்பிய காலம்

அவர் சென்ற சமயம் அடிலெய்டின் வடக்கு வீதியில் ஒரு பெருங்கட்டடம் எழும்பிக் கொண்டிருந்தது. அதுவே பார்லிமெண்டு மாளிகை. அடித்தளத்திற்குக் கருங்கல், சுவர்களுக்கும் தூண்களுக்கும் கப்பண்டா என்னும் ஊரில் வெட்டியெடுத்த சலவைக்கல் என்று திட்டமிட்டு, பெருஞ்செலவில் கட்டத் தொடங்கியிருந்தனர். கைவேலை தெரிந்த கல்தச்சருக்கு அங்கே வேலை இருந்தது. பிரைஸ் உளியை எடுத்துக்கொண்டு சென்றார். நாட்டின் சட்டம் செய்யப்படவிருந்த மண்டபத்தின் கற்களை அவர் கை செதுக்கிற்று.

1889-ம் ஆண்டு ஜூன் மாதம் அம்மாளிகையின் மேற்குப் பகுதி மட்டும் திறக்கப்பட்டது. பணமுடையால் கிழக்குப் பகுதி கட்டப்படாமல் நின்றது. ஆகவே, மக்கள் பிரதிநிதிகள் கூடும் கீழ்ச்சபை புதிய மண்டபத்தில் அமர்ந்தது. சொத்துடையோர் பிரதிநிதிகள் கூடும் மேல்சபை அடுத்திருந்த பழைய மாளிகையிலேயே தங்கிவிட்டது. ஒன்றரையாக நின்ற அம்மாளிகையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. பின்னால் அதன் பொருள் விளங்கும்.

மாளிகை வேலைக்குப் பின்னும் பிரைஸ் தம் தொழிலை விடவில்லை. 1891-ல் இஸ்லிங்டன் ரயில்வே பட்டறைகளைக் கட்டும் வேலையில் மேற்பார்வையாளராக அமர்ந்தார். கல்தச்சர், கொத்தனார் சங்கத்தின் காரியதரிசியாகவும் உழைத்தார். பகலில் வேலை, இரவில் சங்கக் கணக்கு, கடிதம், கூட்டம். சம்பளம் கொடாத எஜமானன் யார், சாரம் சரிந்து காலொடிந்தவன் குடும்பத்துக்கு என்ன உதவி, வேலையற்றவனுக்கு எங்கே வேலை என்பன போன்ற சில்லறை விஷயங்களே சங்கக் காரியதரிசியின் அன்றாட அலுவல். இச்சில்லறை விஷயங்களே ஆட்சியென்னும் பெரிய விஷயத்தின் அரிச்சுவடி என்பதைப் பின்னாளில் உலகம் கண்டது.

வாயில் திறந்த விதம்

நிற்க. ஒரு கல்தச்சர் சட்டசபை அங்கத்தினராவது எங்ஙனம் முடிந்தது? அவர் திறமைசாலி, ஆகவே உயர்ந்தார் என்று சொல்லி முடித்துவிடுதல் எளிது. ஆனால் அவ்விடை அரைகுறை விடையாம். திறமையுள்ள தச்சர் முன்னும் இருந்தனர்; அவர்கள் ஏன் சட்டசபைக்குப் போகவில்லை? விடை மூன்று.

முதலாவது, வாக்குரிமை. தென் ஆஸ்திரேலியாவில் கீழ்ச்சபைக்கு வயது வந்த ஆடவர் வாக்களிக்கும் உரிமை 1856-ம் ஆண்டிலேயே ஏற்பட்டது. வாக்குக்குச் சொத்து வேண்டும் என்ற தடை கீழ்ச்சபைக்கு இல்லை.

இரண்டாவது, சம்பளம். வாக்களிக்கும் உரிமை இருந்தால் மட்டும் போதுமா? சட்டசபையில் அமர்ந்திருக்கும் நாளில் தொழிலாளிக்குக் கூலி ஏது? அடுப்பு எரிவது எப்படி? சம்பளமில்லாத சட்டசபை, பணக்காரரின் பொழுதுபோக்குச் சங்கமேயன்றி வேறன்று. 1887-ம் ஆண்டில் சட்டசபை அங்கத்தினருக்கு ஆண்டுக்கு 200 பவுன் சம்பளம் என்று அந்நாட்டில் சட்டமாயிற்று. அன்றுதான் உழைப்பாளிக்குச் சட்டசபையின் கதவு உண்மையாகத் திறந்தது. சொல்லில் மட்டும் இருந்த உரிமை கையில் வந்தது.

மூன்றாவது, சங்கம். 1890-ல் ஆஸ்திரேலியா எங்கும் கப்பல் தொழிலாளர் வேலை நிறுத்தம் நடந்து தோல்வியுற்றது. வேலை நிறுத்தத்தால் மட்டும் நீதி கிடையாது, சட்டம் செய்யும் இடத்திலேயே நம் ஆள் இருக்க வேண்டும் என்று தொழிலாளர் உணர்ந்தனர். 1891-ம் ஆண்டு தொடக்கத்தில் ஐக்கிய தொழிற்கட்சி அடிலெய்டில் தோன்றிற்று. அச்சுக்கோப்பவர், ரயில்வே எந்திரத் தொழிலாளி, சுரங்கத் தொழிலாளி எனப் பல கைத்தொழிலாளர் அதன் அபேட்சகராக நின்றனர். 1893-ம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் ஸ்டர்ட் தொகுதியிலிருந்து தாமஸ் பிரைஸ் தெரிந்தெடுக்கப்பட்டார். தாம் செதுக்கிய கற்சுவருக்குள்ளே, இம்முறை உளியின்றி நுழைந்தார்.

இம்மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் பிரைஸ் என்னும் பெயரை நாம் அறிந்திருக்க மாட்டோம். தனி மனிதனின் முயற்சி விதையாகும். ஆனால் நிலமும் நீரும் பலர் சேர்ந்து உண்டாக்குவது. எங்கோ ஒருவன் முன்னேறியதைக் காட்டி, நீயும் முயன்றால் முன்னேறலாம் என்று மற்றவர்க்கெல்லாம் உபதேசித்துவிட்டு, வாயிற்கதவை மட்டும் சாத்தி வைத்திருப்பது வஞ்சகமன்றோ?

அச்சட்டசபையின் முதல் சில ஆண்டுகள் பெருமைக்குரியவை. கிங்ஸ்டன் என்னும் சீர்திருத்தவாதியின் ஆட்சிக்குத் தொழிற்கட்சி ஆதரவளித்தது. 1894-ம் ஆண்டில் பெண்களுக்கு வாக்குரிமையும், சட்டசபைக்கு நிற்கும் உரிமையும் ஒருங்கே வழங்கப்பட்டன. 1896-ம் ஆண்டுத் தேர்தலில் அந்நாட்டுப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர். இங்கிலாந்திலேயே பெண்கள் அவ்வுரிமைக்காக இன்னும் இருபதாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

முதன்மந்திரி

நூற்றாண்டு திரும்பிய காலத்தில் பிரைஸ் தம் கட்சிக்குச் சட்டசபைத் தலைவரானார். 1905-ம் ஆண்டுத் தேர்தலில் 42 அங்கத்தினர் கொண்ட கீழ்ச்சபையில் தொழிற்கட்சி 15 இடங்களைப் பெற்றது. எந்தக் கட்சிக்கும் தனித்துப் பெரும்பான்மை இல்லை. ஆர்ச்சிபால்டு பீக் என்பவரின் தலைமையில் சில முற்போக்காளர் தனியாக நின்றனர். அவர்களோடு உடன்பாடு செய்துகொண்டு, 1905-ம் ஆண்டு ஜூலை 26-ம் நாள் பிரைஸ் மந்திரிசபை அமைத்தார். மந்திரிகள் நால்வர்: இருவர் தொழிற்கட்சியார், மற்ற இருவர் அதற்கு வெளியேயிருந்தவர். முதன்மந்திரிப் பதவியோடு பொதுமராமத்தையும் கல்வியையும் பிரைஸ் தாமே ஏற்றார். கட்டட வேலை அறிந்தவர் கட்டட இலாகாவுக்குத் தலைவர். படிக்க வாய்ப்பின்றி வளர்ந்தவர் கல்வி மந்திரி!

இதற்கு ஆறாண்டுகளுக்கு முன் குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் ஒரு தொழிற்கட்சி மந்திரிசபை ஏற்பட்டது. உலகத்திலேயே அதுதான் முதலாவது. ஆனால் அது ஒரு வாரத்தில் கவிழ்ந்தது. தொழிலாளருக்கு ஆளத் தெரியாது என்று எதிரிகள் நகைத்தனர். பிரைஸின் மந்திரிசபை நான்காண்டுக் காலம் நிலைத்து நின்று அந்நகைப்பை அடக்கிற்று. சம்மட்டி பிடித்தவனுக்கு வரவு செலவுத் திட்டம் புரியுமோ என்ற கேள்வியை அதற்குப்பின் அந்நாட்டில் எவரும் எழுப்பத் துணியவில்லை.

சொத்துக்கு ஒரு சபை

பிரைஸின் பெரும் போராட்டம் மேல்சபையோடு நடந்தது. அச்சபையின் இயல்பைச் சற்று விளக்கவேண்டும்.

கீழ்ச்சபைக்கு எல்லோரும் வாக்களிக்கலாம். மேல்சபைக்கோ, 50 பவுன் பெறுமான சொந்த நிலம் உடையோர், குறிப்பிட்ட தொகைக்குக் குத்தகை எடுத்தோர், ஆண்டுக்கு 25 பவுனுக்குக் குறையாத வாடகை வீட்டில் குடியிருப்போர் மட்டுமே வாக்களிக்கலாம். வயது வந்தோரில் பெரும்பாலோருக்கு அதில் பங்கில்லை. 18 பேர் கொண்ட அச்சபை, கீழ்ச்சபை நிறைவேற்றிய எந்த மசோதாவையும் தள்ளிவிடலாம். மக்கள் ஒரு கையால் எழுதியதைச் சொத்து மற்றொரு கையால் அழிக்கும் ஏற்பாடு இது. பெண்களுக்கு வாக்குரிமை தந்த அதே நாட்டில் இதுவும் இருந்தது. கூலிக்குத் துணி தைக்கும் விதவை கீழ்ச்சபைக்கு வாக்களிக்கலாம். அவள் வாடகை குறைவு, ஆகவே மேல்சபைக்கு அவள் மனுஷியே அல்லள்.

மேல்சபை வாக்குரிமையைத் தளர்த்த பிரைஸ் மசோதா கொண்டுவந்தார். மேல்சபை தள்ளிற்று. பிரைஸ் பின்வாங்கவில்லை. கீழ்ச்சபையைக் கலைத்து, 1906-ம் ஆண்டு நவம்பர் மாதம் இவ்வொரு பிரச்னையையே முன்வைத்து மக்களிடம் சென்றார். மக்கள் முன்னினும் அதிகமான தொழிற்கட்சியாரைத் தெரிந்தெடுத்து அனுப்பினர். ஆயினும் மேல்சபை முற்றும் இணங்கவில்லை. பேரத்தின் மேல் பேரம் நடந்து, 1907-ம் ஆண்டில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. வாடகை வரம்பு 25 பவுனிலிருந்து 17 பவுனாகக் குறைந்தது. மதகுருமார், தலைமை ஆசிரியர், தபால் நிலையத் தலைவர், ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டர், போலீஸ் நிலையப் பொறுப்பதிகாரி முதலியோருக்குச் சொத்து இல்லாவிடினும் வாக்குரிமை கிடைத்தது.

இதனை வெற்றியென்பதா, தோல்வியென்பதா? எல்லோருக்கும் உரிமை வேண்டும் என்று புறப்பட்டவர் 17 பவுனில் நின்றாரே என்று கடிந்துகொள்வோர் உண்டு. ஸ்டேஷன் மாஸ்டருக்கு வாக்கு. தண்டவாளம் போட்டவனுக்கு இல்லை என்பது எந்த நீதி என்று கேட்பாரும் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் கல்தச்சனின் வழக்கத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாறையை அவன் ஒரே அடியில் பிளப்பதில்லை. வரிசையாகத் துளையிட்டு, ஆப்பு வைத்து, மாறி மாறி அடிக்கிறான். கடைசி அடியில் பாறை பிளக்கும்போது, அதுவே பிளந்ததென்று பார்ப்பவன் எண்ணுகிறான். முதல் அடியிலிருந்தே பாறை இளகி வந்தது தச்சனுக்குத் தெரியும். பிரைஸ் அடித்தது முதல் அடி. அதே சமயம், முதல் அடியோடு உளியைக் கீழே வைத்துவிட்டு இதுவே போதுமென்று சொல்வோரையும் நாம் மன்னிக்க முடியாது. பிரைஸுக்குப் பின் வந்தோர் நெடுங்காலம் அங்ஙனமே இருந்துவிட்டனர் என்பதைக் கீழே காண்போம்.

செய்த காரியங்கள்

ஆட்சியின் மற்றக் காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லுவோம். அடிலெய்டில் குதிரை டிராம் வண்டிகள் தனிப்பட்ட கம்பெனிகளின் கையில் இருந்தன. பிரைஸ் ஆட்சி ஏறக்குறைய 2,80,000 பவுன் கொடுத்து அவற்றை வாங்கி, 1906-ம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பொது ஸ்தாபனத்திடம் ஒப்புவித்தது. ஊரார் ஏறும் வண்டி ஊராருக்கே சொந்தமாயிற்று. 1909-ம் ஆண்டு மார்ச் 9-ம் நாள் முதல் மின்சார டிராம் ஓடிற்று. அன்று பொறியியல் தலைவர் அருகிருந்து உதவ, வண்டியை ஓட்டியவர் முதன்மந்திரியின் மனைவியாராகிய ஆன் அம்மையார். நோயாளிக் கணவரோடு லிவர்பூலிலிருந்து கப்பலேறி வந்த பெண்மணி, இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு நகரத்தின் முதல் மின்சார வண்டியைச் செலுத்திய காட்சி கண்கொள்ளாக் காட்சியாகவே இருந்திருக்கும்.

குறைந்த கூலிக்கு உழைப்பாளியைப் பிழிந்தெடுக்கும் தொழில்களில் கூலியை நிர்ணயிக்கச் சம்பள போர்டுகள் ஏற்படுத்தப்பட்டன. 1908-ம் ஆண்டு அடிலெய்டு ஹைஸ்கூல் என்னும் சர்க்கார் உயர்தரப் பள்ளியை அவர் திறந்து வைத்தார். அவ்வாண்டிலேயே முதன்மந்திரியாக இங்கிலாந்துக்கும் சென்று வந்தார். நோயாளித் தொழிலாளியாக 1883-ல் விட்டுச் சென்ற தேசத்திற்கு, ஒரு மாகாணத்தின் பிரதிநிதியாகத் திரும்பினார்.

ஆனால் லிவர்பூலில் மூச்சோடு உட்சென்ற தூசு அவரை விட்டுப் போகவில்லை. நீரிழிவும் நுரையீரல் நோயும் சேர்ந்து வருத்தின. பதவியிலிருக்கும்போதே, 1909-ம் ஆண்டு மே 31-ம் நாள், தமது 57-ம் வயதில் அவர் காலமானார். முதன்மந்திரி நாற்காலி கூட அவரைத் தொழிலாளியின் மரணத்திலிருந்து காப்பாற்றவில்லை. அவர் மறைந்ததும் கூட்டு மந்திரிசபையும் முறிந்தது. எனினும் மறு ஆண்டே ஜான் வெரன் என்னும் சுரங்கத் தொழிலாளி, தனித் தொழிற்கட்சி மந்திரிசபைக்கு முதன்மந்திரியானார்.

வெளியே நின்றவர்கள்

இதுகாறும் புகழ்ந்தோம். இனி ஒரு கசப்பான உண்மையையும் கூறாமல் விட்டால் நாம் நேர்மையுடையோர் ஆகமாட்டோம். சீர்திருத்தம் பேசுவோர் வீரபூஜை செய்தல் கூடாது.

தென் ஆஸ்திரேலியா ஒரு காலத்தில் ஆஸ்திரேலியாவின் வடபிரதேசத்தையும் ஆண்டு வந்தது. வெப்பம் மிகுந்த அப்பிரதேசத்தில் தோட்டங்கள் போட, இந்தியாவிலிருந்து கூலியாட்களைக் கொண்டுவரலாமென்று 1882-ம் ஆண்டில் அச்சர்க்கார் ஒரு சட்டமே செய்தது. அத்திட்டம் நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தால், பினாங்கிலும் கிள்ளானிலும் இறங்கிய நம் முன்னோர் சிலர் டார்வின் துறையில் இறங்கியிருக்கக் கூடும். ஒப்பந்தக் கூலி முறையைத் தொழிற்சங்கத்தார் வெறுத்தனர். அடிமைத்தனத்தின் மறுபெயர் அது என்றால், வெறுத்தது சரியே. மலாயாவிலும் அம்முறை 1910-ல்தான் ஒழிந்தது. ஆனால் அவர்கள் முறையை மட்டும் வெறுக்கவில்லை; அம்முறையில் அகப்பட்ட மனிதனையும் சேர்த்து வெறுத்தனர். அங்கேதான் நீதி வழி தவறிற்று.

1901-ம் ஆண்டில் ஆஸ்திரேலியக் கூட்டரசு பிறந்தது. அது செய்த முதற் சட்டங்களுள் ஒன்று, குடியேற விரும்புவோர்க்கு ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொல் எழுதிக் காட்டும் பரீட்சை வைத்தது. எந்த மொழியென்று தெரிந்தெடுப்பவர் அதிகாரி. கறுத்தவனும் மஞ்சள் நிறத்தவனும் தேறாதிருக்க வைத்த பரீட்சை அது. 1902-ம் ஆண்டுக் கூட்டரசு வாக்குரிமைச் சட்டம், வெள்ளைப் பெண்களுக்கு வாக்கு வழங்கிய அதே ஏட்டில், மாகாண வாக்குரிமை ஏற்கெனவே பெற்றிராத ஆதிக்குடிகளுக்கும் ஆசியர்க்கும் ஆப்பிரிக்கர்க்கும் அதனை மறுத்தது. இவற்றைப் பணக்காரர் கட்சியார் மட்டும் ஆதரித்தாரில்லை, தொழிற்கட்சியாரும் ஆதரித்தனர். அதனைத் தம் கட்சித் திட்டத்திலேயே முதன்மையாக எழுதிவைத்தனர். 1907-ம் ஆண்டு டிசம்பரில் வடபிரதேசத்தைக் கூட்டரசிடம் ஒப்புவிக்கும் உடன்படிக்கையில் பிரைஸ் கையெழுத்திட்டார்; 1911-ம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அது அமலுக்கு வந்தது. அப்பிரதேசம் வெள்ளையர்க்கே உரியதாக வேண்டும் என்பதும் அம்மாற்றத்தின் நோக்கங்களுள் ஒன்று.

உழைப்பவன் உயர்ந்தவன் என்று முழங்கியவர்கள், கடலுக்கு இப்பால் உழைத்தவனைக் காணவில்லை. சொத்து என்னும் வேலியை முறிக்கப் போனவர்கள், நிறம் என்னும் வேலியைத் தம் கையாலேயே கட்டினர். இதனைக் கூறிக் குற்றஞ்சாட்டுவதோடு நின்றுவிட நமக்கும் உரிமை இல்லை. தோட்டத்தில் ஒரே துரையிடம் ஒரே கூலி வாங்கி, ஒரே வரிசை லயத்தில் குடியிருந்த நம்மவர், குழாயடியிலும் கோயில் வாசலிலும் ஜாதி பார்த்ததில்லையா? எஜமானனிடம் சமத்துவம் கேட்ட நாவே, பக்கத்து வீட்டானிடம் ஜாதி என்ன என்று கேட்டதில்லையா? அங்கே நிறம், இங்கே பிறப்பு. நோய் ஒன்றே.

மாளிகை முழுமையான நாள்

ஒன்றரையாக நின்ற மாளிகையை நினைவிருத்துமாறு முன்னே கேட்டுக்கொண்டோம். அதன் கிழக்குப் பகுதி, லாங்டன் பானிதன் என்னும் செல்வர் கொடுத்த 100,000 பவுன் நன்கொடையால் எழும்பி, 1939-ம் ஆண்டில் நிறைவுற்றது. மேற்குப் பகுதி திறந்து ஐம்பதாண்டு கழிந்தபின் மேல்சபை அங்கே குடிபுகுந்தது. கல் கட்டடம் முழுமையாயிற்று. ஆனால் நீதிக் கட்டடம் அப்போதும் பாதியே. மேல்சபைக்குச் சொத்துள்ளோரே வாக்களிக்கும் முறை இன்னும் தொடர்ந்தது. டான் டன்ஸ்டன் என்னும் தொழிற்கட்சி முதன்மந்திரியின் ஆட்சியில், 1973-ம் ஆண்டில்தான் வயது வந்தோர் அனைவருக்கும் அச்சபைக்கு வாக்குரிமை கிடைத்தது. பிரைஸ் முதல் அடி அடித்து அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் பாறை பிளந்தது.

நிற வேலியும் அங்ஙனமே. வெள்ளை ஆஸ்திரேலியா என்னும் கொள்கையைத் தொழிற்கட்சி தன் திட்டத்திலிருந்து 1965-ம் ஆண்டில் நீக்கிற்று. நீக்குவதற்கு முன்னின்று வாதாடியவருள் ஒருவர் இதே டன்ஸ்டன். அக்கொள்கையின் கடைசிச் சுவடுகளைக் கூட்டரசுச் சர்க்கார் துடைத்ததும் 1973-ம் ஆண்டிலேயே. சொத்து வேலியும் நிற வேலியும் ஒரே ஆண்டில் விழுந்தன. பிரைஸின் கட்சி தான் கட்டிய வேலியைத் தானே பிடுங்கிற்று. பிழையைத் திருத்திக்கொள்ளும் கட்சியே சீர்திருத்தக் கட்சியாகும். முன்னோர் செய்தது என்று பிழையைக் காப்பாற்றுவது வைதிகமே.

தோழர்களே! சாலையும் ரயில் பாதையும் துறைமுகமும் தோட்டமும் நம்மவர் கைவேலையால் எழுந்தன. கட்டியவனுக்கு உள்ளே இடமுண்டு என்பதற்குத் தாமஸ் பிரைஸின் வாழ்வு சாட்சி. ஆனால் அவ்விடம் தானே வராது. சங்கம் வேண்டும், படிப்பு வேண்டும், மதுவைத் துறந்த தெளிந்த புத்தி வேண்டும், ஏழை உள்ளே நுழையத்தக்க சட்டம் வேண்டும். இவற்றைப் பெற்று உள்ளே சென்றவன், தனக்குப் பின் கதவைச் சாத்தாதிருக்கவும் வேண்டும். அடிலெய்டு வடக்கு வீதியில் அந்தக் கற்கள் நிற்கின்றன. அவற்றில் எது பிரைஸ் செதுக்கிய கல் என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மற்றத் தச்சர் செதுக்கிய கற்களோடு சேர்ந்து அதுவும் பாரம் தாங்கி நிற்கிறது.